வழியை வெட்டித் திறந்தவர்களுக்குப் பட்டியலில் இடமில்லையா?

பேரிடர் நிவாரணப் பணிகளுக்குப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகளுக்கு,

வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகளுக்காகச் சென்ற மாதம் நடந்த கூட்டத்தில், எங்களைப் போன்ற ஊர்க் குழுக்களுக்கு வாய்மொழியாக ஓர் அறிவுறுத்தல் வழங்கப்பட்டது. இனிப் புயலோ வெள்ளமோ வந்தால் தன்னார்வலர்கள் யாரும் நேரடியாக ஊர்களுக்குள் சென்று உதவி வழங்கக் கூடாது என்றும், திரட்டும் பொருட்கள் அனைத்தையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அதே கூட்டத்தில், தென்னந்தோப்புகளை நம்பிக் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை நாங்கள் அளித்தோம். நிலமோ மரமோ இல்லாதவர்களுக்கு நிவாரண விதிகளில் இடமில்லை என்று கூறி அது அங்கேயே திருப்பித் தரப்பட்டது. இவ்விரண்டும் தனித்தனியான அலுவலக நடைமுறைகளாக உங்களுக்குத் தோன்றலாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின், காவிரிப் பாசனத்தின் கடைசியில் இருக்கும் இந்தக் கடைமடைப் பகுதியில் வாழ்ந்த எவருக்கும் அப்படித் தோன்றாது. அன்று எங்களைக் காப்பாற்றியவர்களும், பின்னர் இழப்பீட்டுக் கணக்கில் விடுபட்டவர்களும் ஒரே மனிதர்கள். அவர்களுக்கு உதவி செய்யவும் இடமில்லை, உதவி பெறவும் இடமில்லை என்று நீங்கள் ஒரே நாளில் சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் இம்மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புயலுக்கு முந்தைய நாட்களில் அரசு செய்த பணியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அந்த முன்னெச்சரிக்கை இல்லாதிருந்தால் உயிரிழப்பு பல மடங்கு பெருகியிருக்கும். ஆனால் நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல், கடற்கரையோடு ஓய்ந்துவிடவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை, கீரமங்கலம், ஆலங்குடி எனத் தென்னையும் மாவும் பலாவும் நிறைந்திருந்த ஊர்களைச் சிதைத்துக்கொண்டு அது மேற்கே திண்டுக்கல் பக்கம் வரை போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கடலோரத்துக்கு இருந்த அளவு ஆயத்தம், கடலிலிருந்து தள்ளியிருந்த எங்கள் ஊர்களுக்கு இருக்கவில்லை.

விடிந்தபோது எங்கள் ஊரிலிருந்து வெளியே போக வழியே இல்லை. முதன்மைச் சாலையைத் தொடும் வரை தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. இடையிடையே அறுந்த மின்கம்பிகள், ஓட்டு வீடுகளின் சட்டங்கள், வேரோடு பெயர்ந்த புளியமரங்கள். அன்று காலை அரிவாளையும் கோடரியையும் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியவர்கள் தேங்காய் பறிக்கும் தொழிலாளர்கள்தாம். விழுந்த தென்னையை எங்கே வெட்டினால் தண்டு துள்ளி ஆளை அடிக்கும், எந்தப் பக்கம் நின்றால் ஆபத்தில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. முதலில் மட்டைகளைக் கழித்தார்கள். பிறகு குலைகளை அறுத்து ஓரமாகக் குவித்தார்கள். அதன் பிறகுதான் தண்டைத் துண்டாக்கி, குலை இறக்கும் கயிற்றைக் கட்டி, பத்துப் பேராக இழுத்துப் பள்ளத்தில் உருட்டினார்கள். அவர்களுள் பெரும்பாலோரின் கூரை வீடுகள் அந்த இரவில் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தன. தம் வீட்டுச் சாமான்களைத் தேடுவதற்கு முன்பே அவர்கள் ஊருக்கு வழி செய்தார்கள். எந்திர ரம்பத்தோடு மீட்புக் குழுவினர் வந்து சேர்ந்த வழி, இந்தக் கைகள் முன்னரே வெட்டித் திறந்திருந்த வழிதான்.

அடுத்து வந்தது தண்ணீர்ப் பஞ்சம். மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியில் ஒரு சொட்டு ஏறாது. சுற்றிலும் மழைநீர் தேங்கி நின்ற ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குழந்தைகள் தவித்தார்கள். திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி அமைத்துத் தரும் ஒருவர், தம்மிடமிருந்த ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஓர் ஊரில் மோட்டாரோடு இணைப்புக் கொடுப்பார். தொட்டி நிறையும் வரை காத்திருப்பார். பிறகு அடுத்த ஊர். வாடகை என்ற பேச்சை எடுத்தவர்களிடம், டீசல் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றார். ஜெனரேட்டர் வாடகை தாறுமாறாக ஏறியிருந்த நாட்கள் அவை. அவர் கேட்டிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பார்கள். மின்சாரம் திரும்ப வாரங்கள் பிடித்த ஊர்களில், மக்கள் குடித்தது இப்படி ஏற்றப்பட்ட தண்ணீரைத்தான்.

நான் அப்போது ஆசிரியையாகப் பணியாற்றிய பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பொதுச் சமையல் நடந்தது. அமைப்பாளர் அம்மா யாருடைய எழுத்து உத்தரவுக்கும் காத்திராமல் பாத்திரங்களையும் அடுப்பையும் தம் பொறுப்பில் திறந்துவிட்டார். அரிசி வீடு வீடாக வந்தது. நனைந்த அரிசியை முதலில் கஞ்சியாக்கினோம். தேங்காய்க்குப் பஞ்சமில்லை, விறகுக்கும் பஞ்சமில்லை. எந்தத் தெருவுக்கும் தனி வரிசை கூடாது, தனிப் பாத்திரம் கூடாது என்று சமைத்த பெண்கள் முதல் நாளே முடிவு செய்தார்கள். அதனால் சில வீட்டார் சாப்பிட வரவில்லை. அவர்களுக்காக அந்த முடிவை மாற்ற வேண்டும் என்று ஒருவர் பேசியபோது, பெண்கள் மறுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த வீடுகளிலிருந்தும் தூக்குவாளிகள் வந்தன. எந்தச் சுற்றறிக்கையாலும் இந்த ஊரில் நடத்த முடியாமலிருந்த ஒன்றை அந்தப் பெண்கள் நடத்திக் காட்டினார்கள் என்பதை, இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்தக் கூடத்தில் சாப்பிட்டவர்களுள் வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்களும் உண்டு. வயல் சேற்றில் இடுப்பளவு இறங்கி, மின்கம்பங்களைத் தோளில் சுமந்து சென்று நட்டவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது இங்கிருந்து அரிசியும் துணியும் லாரிகளில் போயின. கஜாவின்போது கேரள அரசு 10 கோடி ரூபாயும், கூடவே ஆட்களையும் அனுப்பியது.

தன்னார்வலர்களின் பணியில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் நீங்கள் எடுத்துக்காட்டிய குழப்பங்கள் நடந்தவைதாம். வெளியூர்களிலிருந்து வந்த நிவாரண வண்டிகளில் பல கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பேருந்துச் சாலைகளிலுமே நின்றுவிட்டன. சாலையோரத்தில் இருந்தவர்களுக்குப் போர்வை நான்கு கிடைத்தது. உள்ளே தலித் மக்கள் வாழும் காலனித் தெருக்களுக்கு ஒன்றும் போகவில்லை. உடுத்த முடியாத பழந்துணிகள் பள்ளி வராந்தாவில் மலைபோல் குவிந்தன. ஆனால் இந்தக் குறை உங்கள் வண்டிகளுக்கும் இருந்தது. அதிகாரிகள் வந்து பார்க்கவில்லை என்ற கோபத்தில் ஊருக்கு ஊர் மறியல் நடந்தது. கொத்தமங்கலத்தில் அது அரசு வாகனங்கள் எரிக்கப்படும் அளவுக்குப் போய், ஊரார் பலர் கைதானார்கள். வாகனங்களை எரித்தது தவறுதான். ஆயினும் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத ஊரில், நாங்கள் இருப்பது யாருக்காவது தெரியுமா என்ற பதைப்பு மக்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நீங்கள் அன்று பார்த்தீர்கள். அடுத்த கோடையில் அதே கொத்தமங்கலத்திலும் எங்கள் பேராவூரணியிலும் இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள் என்பதையும் பார்த்தீர்கள். இவர்களை ஊருக்குள் போகாதே என்று தடுப்பதால் எந்தக் காலனித் தெருவுக்கும் போர்வை போய்ச் சேராது. எந்தத் தெருவில் எத்தனை வீடு, எங்கே படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்த வாய்க்கால் மதகு உடைந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்று அறிந்தவர்களை வண்டியின் முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டால்தான் போய்ச் சேரும். சாதி, சமூகம், மதம், பால் என்ற அடிப்படையில் நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்று 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு சொல்கிறது. வண்டி தார்ச்சாலையிலேயே நின்றுவிட்டால், யாரும் நினைக்காமலேயே அந்தப் பிரிவு மீறப்பட்டுவிடுகிறது.

இது நிர்வாகத்துக்குப் புதிய பாடமும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பரங்கிப்பேட்டையின் ஜமாஅத்தினர் சுற்றியிருந்த மீனவ ஊர்களின் மக்களுக்கு உணவளித்து அடைக்கலம் தந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. நாடெங்கிலுமிருந்து தொண்டு அமைப்புகள் வந்து குவிந்தபோது, நாகப்பட்டினம் மாவட்ட நிர்வாகம் அவற்றை விரட்டவில்லை. எந்த ஊருக்கு எது தேவை, யார் எதைச் செய்வது என்று உட்கார்ந்து பேச ஓர் ஒருங்கிணைப்பு மையத்துக்குத் துணை நின்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே கடற்கரையில் கஜா வீசியபோது, எங்கள் வட்டத்தில் அப்படி ஒரு மேசை கூடப் போடப்படவில்லை. இப்போது அதற்கும் ஒரு படி பின்னே போய்த் தடையே விதிக்கிறீர்கள்.

இனி இழப்பீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மனம் ஆறாமல் கிடப்பது அதனால்தான். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஹெக்டேருக்கு 175 மரங்கள் என்று கொண்டு 1,92,500 ரூபாய் வந்தது. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். நல்ல மகசூலுக்கு இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நாற்பது, ஐம்பது ஆண்டு நின்று பலன் தரும் மரத்துக்கு இந்தத் தொகை எவ்வளவு குறைவு என்பதை விவசாயிகள் அன்றே எடுத்துச் சொன்னார்கள். விழுந்த மரங்களை அகற்றக் கூலி கட்டுப்படியாகாமல் அப்படியே விட்ட தோப்புகளில், மட்கிய தண்டுகளில் காண்டாமிருக வண்டு பெருகி, எஞ்சி நின்ற மரங்களின் குருத்தையும் துளைத்தது. தமிழ்நாடு கேட்ட தொகை சுமார் 15,000 கோடி ரூபாய். மத்திய அரசு அந்த ஆண்டின் இறுதியில் ஒப்புதல் அளித்தது 1,146 கோடி. அந்தப் பிணக்கு இரு அரசுகளுக்கு இடையிலானது. அதை நான் இங்கே விரிக்கவில்லை.

நான் கேட்பது, குறைவான அந்த இழப்பீடு கூட யாருக்குப் போகவில்லை என்பது. சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் கையில் இருந்தவருக்குப் பணம் கிடைத்தது. கோயில் நிலத்திலும் பெரிய பண்ணையாரின் நிலத்திலும் வாய்மொழிக் குத்தகைக்குத் தென்னை பார்த்தவருக்குக் காகிதம் இல்லை. அவர் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரத்துக்கான தொகை, ஊரிலேயே இல்லாத உரிமையாளரின் கணக்குக்குப் போனது. அவருக்கும் கீழே இருப்பவர்களை யாரும் வந்து கேட்கவே இல்லை. ஒரு தென்னந்தோப்பில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். காய் பறிப்பவர், பொறுக்கிச் சேர்ப்பவர், கடப்பாரையில் குத்தி மட்டை உரிப்பவர், கொப்பரை காய வைக்கும் களத்தில் நிற்பவர், வண்டியில் ஏற்றுபவர், கீற்று முடைபவர், ஈர்க்குக் கிழித்து விளக்குமாறு கட்டுபவர், கயிற்று ஆலைக்குப் போகும் பெண்கள். மரம் விழுந்த அன்றைக்கே இவர்கள் அனைவருடைய வேலையும் விழுந்தது. கன்று நட்டுக் காய்க்கும் வரையிலான அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து விழுந்தது.

எங்கள் சமையற்கூடத்தில் காலை முதல் இரவு வரை நின்ற பெண்களில் ஒருவர் கீற்று முடைபவர். ஓலையை ஊற வைத்து, மட்டையை நெடுக்கில் பிளந்து, கால் கட்டை விரலால் ஒரு முனையை அழுத்திக்கொண்டு அவர் முடையும்போது, கண் வேறெங்கோ இருக்கும், கை தானாக ஓடும். புயலுக்குப் பிந்தைய சில வாரங்கள் அவருக்கு ஓய்வே இல்லை. ஊர் முழுவதும் கூரை போய்விட்டது, கீழே கிடந்த ஓலைக்கும் அளவில்லை. பல வீடுகளுக்கு அவர் கூலி வாங்காமல் முடைந்து கொடுத்தார். அந்த ஓலை தீர்ந்த பிறகு முடைய ஒன்றும் இல்லை. மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வசூலுக்கு வந்தவர் தார்ப்பாய் கட்டிய வாசலில் உட்கார்ந்து பணம் கேட்டதை நான் நேரில் பார்த்தேன். பொங்கல் கழிந்ததும் அந்தக் கீற்று முடைபவர் தம் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என் வகுப்பு மாணவி. மாற்றுச் சான்றிதழுக்கான காரணம் என்ற இடத்தில் ‘குடும்பம் இடம்பெயர்வு’ என்று எழுதியதோடு அரசின் பதிவேடுகளில் அந்தக் குடும்பத்தின் இழப்பு முடிந்துவிட்டது. சாலையைத் திறந்த ஆட்களில் பாதிப் பேரும் அதே போல் கட்டட வேலைக்கு வெளியூர் போனார்கள். கஜாவுக்குப் பின் நட்ட கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வந்து, அவர்களில் சிலர் திரும்பியிருக்கிறார்கள். அவர்களின் பெயர்களைத்தான் நாங்கள் பட்டியலிட்டு உங்களிடம் கொடுத்தோம். அதைத்தான் நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள்.

விதிகளில் இடமில்லை என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. நிவாரணத்துக்கான குறைந்தபட்சத் தரங்களைப் பற்றிப் பேசும் அதே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்குமான உதவியோடு, வாழ்வாதாரத்தை மீட்பதற்கான உதவியையும் சேர்த்தே சொல்கிறது. கீற்று முடைவது வாழ்வாதாரம் இல்லையென்றால் வேறு எது வாழ்வாதாரம்? சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, அதன் கீழ் வரும் வழிகாட்டுதல்கள் பட்டாவோடு நின்றுவிட்டால், மாற்ற வேண்டியவை வழிகாட்டுதல்கள்தாம். அதற்கான பரிந்துரையை மேலே அனுப்பும் பொறுப்பு உங்கள் நாற்காலிக்கு உண்டு.

ஆகவே, தன்னார்வலர்கள் ஊருக்குள் செல்லக் கூடாது என்ற வாய்மொழி அறிவுறுத்தலை நீங்கள் எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும். அதன் இடத்தில், பேரிடர் அறிவிக்கப்பட்ட முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் ஓர் ஒருங்கிணைப்பு மேசை இயங்க வேண்டும். அதில் ஒவ்வொரு ஊராட்சியின் எல்லாத் தெருக்களுக்கும், குறிப்பாகக் காலனித் தெருக்களுக்கும், தலா ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். பெண்களும் அதில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். நிவாரண வண்டிகளின் வழித்தடம் ஊரின் கடைசித் தெருவிலிருந்து தொடங்கட்டும். எந்த ஊரில் யாரிடம் ஜெனரேட்டர், டிராக்டர், எந்திர ரம்பம் இருக்கின்றன என்ற விவரத்தை நாங்கள் திரட்டித் தருகிறோம். அவற்றுக்கான டீசலையும் நியாயமான வாடகையையும் அரசு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த புயலிலும் ஒலிபெருக்கிக்காரரின் நல்ல மனத்தை மட்டும் நம்பிக் குடிநீர்த் திட்டம் இருக்கக் கூடாது.

தென்னை சார்ந்த தொழிலாளர்களையும் வாய்மொழிக் குத்தகைதாரர்களையும், கிராம சபையில் பெயர் வாசித்து, ஊரார் சாட்சியத்தோடு, கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் இப்போதே பதிய வேண்டும். பேரிடர் வந்தால் அந்தப் பதிவேட்டில் உள்ள குடும்பங்களுக்கு மரம் மீண்டும் காய்க்கும் வரை ஆண்டுதோறும் வேலைநாட்களோ உதவித்தொகையோ வழங்கவும், பாதித்த பகுதிகளில் குழுக் கடன் வசூலை நிறுத்தி வைக்கவும் உரிய பரிந்துரையை அரசுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய கடிதத்தின் நகலை எங்களுக்குத் தர வேண்டும்.

நீங்கள் திருப்பிக் கொடுத்த பட்டியலை இம்மடலோடு மீண்டும் இணைத்திருக்கிறோம். பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும் என்பதால், அக்டோபர் 2ஆம் தேதி கூடும் கிராம சபையின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பதிவேட்டைச் சேர்க்க ஊராட்சிகளுக்கு நீங்கள் உத்தரவிட வேண்டும். இயலாது என்றால், எந்த விதியின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதை அந்த நாளுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைச் சபையில் வாசித்துவிட்டு, மேற்கொண்டு யாரிடம் முறையிடுவது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும்.

இப்படிக்கு,
கஜா பொதுச் சமையற்கூடத்தில் பணியாற்றியவர்கள் சார்பில்,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
பேராவூரணி வட்டம்.